கால் முளைத்த சரக்கு: சொகுசுக் கப்பலில் டெக் கேடட் என்னதான் செய்கிறார்?

பீச் ஸ்டேஷன் பக்கம் ராஜாஜி சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் சில நாட்களில் துறைமுகக் கிடங்குகளுக்கு மேலே ஒரு வெள்ளை அடுக்குமாடி முளைத்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். மறுநாள் அது இருக்காது. 2022 ஜூனில் கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் என்ற சொகுசுக் கப்பல் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய பிறகு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வீடுகளில் 'கப்பல் வேலை' என்ற பேச்சோடு 'க்ரூஸ்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது. அதுவரை கப்பல் வேலை என்றால் கன்டெய்னர், டேங்கர், ஆறு மாதம், எட்டு மாதம் கடல். இப்போது வெள்ளைச் சட்டை, நீச்சல் குளம், தினம் ஒரு ஊர்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். க்ரூஸ் கப்பலில் வேலை செய்கிற பெரும்பாலோர் ஹோட்டல் பிரிவு. சமையல், பரிமாறுதல், அறை சுத்தம், பார், கடை எல்லாம் அதில் அடக்கம். ஆயிரம் ஊழியர் இருக்கும் கப்பலிலும் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், வாட்ச் (முறைக் காவல்) நிற்கும் அதிகாரிகள் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். அந்தச் சின்னக் கூட்டத்தில் கடைசி ஆள்தான் டெக் கேடட், அதாவது பயிற்சி அதிகாரி. ஹோட்டல் பிரிவில் சேர்ந்துவிட்டு 'அப்படியே ஆபீசர் ஆயிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே செய்த வேலை, டெக் அதிகாரி சான்றிதழுக்கு வேண்டிய கடல் காலத்தில் (கப்பலில் பயிற்சி பெற்ற மாதங்களில்) சேராது.

டெக் பக்கம் போகிற வழி வேறு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் சேர்ந்து 60 சதவீதம், ஆங்கிலத்தில் 50, பிறகு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. ஓராண்டு டிஎன்எஸ் (நாட்டிகல் சயின்ஸ் டிப்ளமோ) படித்தவருக்கு அதன் பிறகு 18 மாதம் கடல் காலம் வேண்டும். மூன்றாண்டு பி.எஸ்சி. நாட்டிகல் சயின்ஸ் படித்தவருக்கு 12 மாதம் போதும். அதை முடித்துத்தான் டெக் அதிகாரிக்கான முதல் தேர்வான செகண்ட் மேட் தேர்வு எழுத முடியும். ஆனால் இதெல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நாள் செலவழித்துக் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இருட்டில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. அந்த இரண்டையும் பிரித்தறியாத கண்ணுக்கு டெக்கில் இடமில்லை. புள்ளி வட்டங்களுக்குள் எண் தெரிகிறதா என்று பார்க்கும் இஷிஹாரா சோதனையில் தவறினால் அதற்குக் கண்ணாடியும் கிடையாது, மருந்தும் கிடையாது. கல்லூரிக் கட்டணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. கப்பல் துறை அங்கீகரித்த மருத்துவரிடம் முன்னாலேயே போனால் அந்தப் பணம் மிஞ்சும்.

ஏஜெண்டுகள் பற்றியும் ஒரு வார்த்தை. கடல் ஊழியரை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்துக்கு ஆர்பிஎஸ்எல் என்ற ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் கிடைக்கும். வேலை வாங்கித் தருவதற்காகப் பையனிடம் காசு வாங்குவது சட்டப்படி குற்றம். 'க்ரூஸ் கம்பெனியில் நேரடி ஆபீசர் சீட்டு, இத்தனை லட்சம்' என்று ஆரம்பித்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடலாம்.

இனி கப்பலுக்குள் போவோம். சரக்குக் கப்பலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்: இந்தச் சரக்குக்குக் கால் உண்டு. கன்டெய்னரை லாஷிங் போட்டுக் கட்டினால் துறைமுகம் வரும்வரை அது இருந்த இடத்தில் இருக்கும். இங்கே ஏற்றும் சரக்கு நடக்கும், குடிக்கும், படிக்கட்டில் வழுக்கி விழும். திமிங்கலம் தெரிகிறது என்றால் மொத்தமாக ஒரு பக்கம் ஓடும். அப்படி ஓடினால் கப்பல் கவிழுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கவிழாது. பயணி ஒருவருக்கு 75 கிலோ என்று வைத்து, எல்லோரும் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து நின்றாலும் சாய்வு 10 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று கணக்குக் காட்டிய பிறகுதான் கப்பலுக்குச் சான்றே கிடைக்கும். 3,000 பேரின் மொத்த எடை 225 டன். பெரிய கப்பலுக்கு அது தூசு. சிக்கல் எடையில் இல்லை. அந்த 3,000 பேரை எண்ணுவதில், நிற்க வைப்பதில், படகில் ஏற்றுவதில் இருக்கிறது. கேடட்டின் நாளில் பாதி அதற்கே போகிறது.

லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒன்று என்று முடிந்துவிடாது. அதற்கு மேல் 5 சதவீதம் டெக்கிலோ கூடுமிடங்களிலோ இருக்க வேண்டும். சிறுவர் ஜாக்கெட் பயணிகள் எண்ணிக்கையில் 10 சதவீதமாவது வேண்டும், அல்லது குழந்தைக்கு ஒன்று. இரண்டில் எது அதிகமோ அது. 2,000 பயணிக்கு 200 சிறுவர் ஜாக்கெட் போதும் என்று அலமாரியில் வைத்திருப்பார்கள். மே மாதப் பள்ளி விடுமுறையில் சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலில் 350 பிள்ளைகள் ஏறினால்? பயணிகள் பட்டியல் வந்ததும் வயதைப் பார்த்து எண்ணி, குறைகிறதைக் கிடங்கிலிருந்து எடுத்துக் கூடுமிடங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் கேடட்டின் தலையில்தான் விழும். விசில் இருக்கிறதா, விளக்கின் பேட்டரி தேதி தாண்டிவிட்டதா, பட்டை நைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முதல் மாதத்தில் பிரிட்ஜைவிட இந்த அலமாரிகளைத்தான் கேடட் அதிகம் பார்ப்பார்.

கப்பல் கிளம்புவதற்கு முன்னாலோ கிளம்பிய உடனேயோ பயணிகளை ஒன்றுகூட்டி ஒத்திகை நடத்தியாக வேண்டும். ஏழு குட்டை ஊதல், ஒரு நெட்டை ஊதல். முன்பெல்லாம் ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியபோது, அன்று மாலை சிவிட்டவெக்கியாவில் ஏறியவர்களுக்கு ஒத்திகை இன்னும் நடக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் 2015 ஜனவரி 1 முதல் விதி மாறியது. இப்போது பல கப்பல்களில் பயணி தன் போனிலோ அறை டிவியிலோ காணொளி பார்த்துவிட்டு, கூடுமிடத்துக்கு வந்து அட்டையைக் காட்டிவிட்டுப் போகலாம். கேட்க வசதி. ஆனால் அட்டையை நண்பனிடம் கொடுத்தனுப்புகிறவர்கள் உண்டு. அறை எண்ணில் நாலு பேர் என்றிருக்கும், மூன்று அட்டைதான் பதிவாகியிருக்கும். நாலாவது ஆள் பஃபே வரிசையில் நிற்பார். அவரைத் தேடிப் பிடிக்கும் வரை கணக்கு மூடாது. மூடாத கணக்கைத் தலைமை அதிகாரிக்குச் சொல்ல வேண்டியவர் வாக்கிடாக்கியோடு நிற்கும் அந்தப் பையன்தான்.

படகு இன்னும் பெரிய பாடம். ஒரு லைஃப் போட்டில் பொதுவாக அதிகபட்சம் 150 பேர் வரை ஏற்றலாம். எல்லோரும் ஜாக்கெட் மாட்டிக் கூடிவிட்ட பின், கப்பலைக் கைவிடும் சைகை வந்த 30 நிமிடத்துக்குள் எல்லாப் படகுகளும் ஆட்களோடும் சாமான்களோடும் நீரில் இறங்க முடிய வேண்டும். வாரம் ஒருமுறை எஞ்சினை முன்னும் பின்னும் மொத்தம் மூன்று நிமிடமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், 10,000 கிலோ ஜூல் அளவுக்கு உணவு. தேதி பார்த்து மாற்றுவதும் கேடட் வேலை.

ஆபத்து எஞ்சினில் இல்லை, கொக்கியில் இருக்கிறது. படகின் முன்னும் பின்னும் இரண்டு கொக்கிகள் கம்பி வடத்தில் தொங்கும். உள்ளே ஒரு கைப்பிடியை இழுத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் விடும். நீரில் மிதந்த பின்தான் விட வேண்டும் என்பதற்காக நீரழுத்தத்தில் வேலை செய்யும் பூட்டு ஒன்று இருக்கிறது. அவசரத்துக்கு அதையும் மீறலாம். படகைத் திரும்ப ஏற்றும்போது கொக்கியை மூடி, கைப்பிடியைப் பழைய இடத்துக்குத் தள்ளி, பின்னைச் செருகுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கொக்கி மூடித்தான் இருக்கும். உள்ளே கொக்கியின் வாலைத் தாங்கும் கேம் என்ற சுழல் துண்டு முழுவதும் திரும்பாமல் பாதியில் நின்றிருந்தால் எடை ஏறுகிறவரை எதுவும் தெரியாது. கேம் சரியாகத் திரும்பியதா என்பதைக் காட்ட அதன் முனையில் ஒரு குறி வைத்திருப்பார்கள். அந்தக் குறிமேல் யாராவது பெயின்ட் அடித்துவிட்டிருப்பார்கள், அல்லது கிரீஸ் அப்பியிருக்கும். கேடட் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, இரண்டு கோடும் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பின் சுலபமாக உள்ளே போகவில்லை என்றால் சுத்தியல் எடுக்கக் கூடாது. கொக்கி இன்னும் சரியாக அமரவில்லை என்று அது சொல்கிறது. ஒத்திகையின்போது கொக்கி தானாக விட்டாலும் படகு விழாமல் இருக்க ஒரு தடுப்புப் பட்டையையோ பின்னையோ மாட்டுவார்கள். நீரில் இறங்கியதும் அதைக் கழற்ற மறந்தால் படகு கப்பலோடு கட்டுண்டு நிற்கும். போடவும் தெரிய வேண்டும், எடுக்கவும் நினைவிருக்க வேண்டும்.

கம்பி வடத்துக்கும் இதே கதை. ஐந்து ஆண்டுக்குள் மாற்றியாக வேண்டும் என்று விதி. ஆனால் விதியின் தேதி துருவுக்குத் தெரியாது. 2013 பிப்ரவரி 10 அன்று லா பால்மா தீவில் தாம்சன் மெஜஸ்டி கப்பல் ஒத்திகை முடிந்து படகை ஏற்றிக்கொண்டிருந்தபோது முன்பக்க வடம் அறுந்து படகு கவிழ்ந்து விழுந்தது. ஊழியர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். அறுந்த இடம் மேலே கப்பியின் மீது தங்கியிருந்த பகுதி, உள்ளே துருப்பிடித்திருந்தது. படகு தன் இடத்தில் இருக்கும்போது அந்தப் பகுதி கண்ணுக்கும் கைக்கும் எட்டாது. எட்டுகிற இடத்துக்கெல்லாம் கிரீஸ் போட்டுவிட்டு 'முடிந்தது' என்று டிக் அடிப்பது சுலபம். படகை இறக்கிவிட்டு, கப்பி மேல் உட்கார்ந்திருந்த அந்த ஒன்றிரண்டு மீட்டரைத் தேடிப் போய்க் கிரீஸ் போடுவதுதான் வேலை. காசிமேட்டில் விசைப்படகு வின்ச்சில் கம்பி வடம் சுற்றிப் பழகிய வீட்டுப் பிள்ளைக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்காது.

பிரிட்ஜுக்கு வருவோம். சரக்குக் கப்பலில் எட்டு–பன்னிரண்டு தேர்ட் மேட், பன்னிரண்டு–நாலு செகண்ட் மேட், நாலு–எட்டு சீஃப் மேட் என்று ஒரு வாட்சுக்கு ஒரு அதிகாரி. க்ரூஸில் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு அதிகாரிகள். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் அவரைச் சரிபார்ப்பார். ஓட்டுகிறவர் என்ன செய்யப் போகிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சுக்கான் கட்டளையும் அப்படியே. 'ஸ்டார்போர்டு டென்' என்றால் வீல் பிடித்தவர் அதையே திருப்பிச் சொல்லி, சுக்கான் பத்துக்கு வந்ததும் மறுபடி சொல்வார், கட்டளை இட்டவர் சுக்கான் காட்டியைப் பார்த்து உறுதி செய்வார். புதிதாக வந்த கேடட்டுக்கு வாய் திறக்கவே கூச்சமாக இருக்கும். பெரியவர் செய்வதைச் சின்னவர் தவறு என்று சொல்லலாமா என்ற நம் வீட்டுப் பழக்கம் வேறு. இங்கே சொல்லாமல் இருப்பதுதான் தவறு.

உயரமான கப்பல் வேகமாகத் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2006 ஜூலை 18 ஓர் உதாரணம். அமெரிக்காவின் போர்ட் கனாவெரலிலிருந்து கிளம்பிய புத்தம் புதிய கிரவுன் பிரின்சஸ் கப்பல் தானியங்கிச் சுக்கானில், ஆழம் குறைந்த நீரில், முழு வேகத்தை நெருங்கி ஓடியது. நினைத்ததைவிட வேகமாகக் கப்பல் திரும்பத் தொடங்கியதைப் பார்த்த செகண்ட் ஆபீசர் தானியங்கியை நிறுத்திவிட்டுச் சுக்கானைக் கையில் எடுத்தார். எடுத்ததும் திரும்பல் அடங்குவதற்குப் பதில் கூடும் பக்கமாகத் திருப்பிவிட்டார். பிறகு அங்கும் இங்குமாக மாற்றி மாற்றி. கப்பல் 24 டிகிரி வரை சாய்ந்தது. நீச்சல் குளத்துத் தண்ணீர் டெக்கில் கொட்டியது. 298 பேருக்குக் காயம். கப்பலுக்குச் சேதம் பெரிதாக இல்லை, காயமெல்லாம் காலுள்ள சரக்குக்குத்தான். அதனால்தான் கேடட்டை முதல் நாளே வேகத்தைவிடத் திரும்பும் வீதத்தைப் பார்க்கப் பழக்குகிறார்கள்: நிமிடத்துக்கு எத்தனை டிகிரி, இந்த வேகத்தில் அதற்கு எவ்வளவு சாய்வு.

காற்றுக் கணக்கும் தினசரி. கப்பலின் பக்கவாட்டுப் பரப்பைச் சதுர மீட்டர் கணக்கில் எடுத்து, காற்றின் வேகத்தை (நொடிக்கு மீட்டரில்) வர்க்கமாக்கிப் பெருக்கி, 18,000 ஆல் வகுத்தால் காற்று தள்ளும் விசை டன்னில் கிடைக்கும். 10,000 சதுர மீட்டர் பக்கம் உள்ள கப்பலை 10 மீட்டர் காற்று ஏறக்குறைய 56 டன் விசையில் தள்ளும். 15 மீட்டர் ஆனால் 125 டன். காற்று ஒன்றரை மடங்குதான் கூடியது, விசை இரண்டே கால் மடங்கு. முன்பக்க த்ரஸ்டர்கள் (கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறிகள்) 100 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 1.3 டன் தள்ளும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கரையில் வெயில் அடிக்கும்போதே கேப்டன் ஏன் டக் (இழுவைக் கப்பல்) கேட்கிறார் என்பது புரியும். தினம் ஒரு துறைமுகம் என்பதால் இந்தக் கணக்கைச் சரக்குக் கப்பல் கேடட் ஒரு மாதத்தில் பார்ப்பதை இவர் ஒரு வாரத்தில் பார்த்துவிடுவார். க்ரூஸ் பயிற்சியின் உண்மையான லாபம் இது.

சென்னை வாசலில் இன்னொரு பாடம் இருக்கிறது. காசிமேட்டுக்கு வெளியே ஃபைபர் படகுகள். மரமும் ஃபைபரும் ரேடாரில் சரியாகத் தெரியாது, பலவற்றில் தன் இருப்பிடத்தை மற்றக் கப்பல்களுக்கு அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி கிடையாது. விதிப்படி இழுவலைப் படகு வெள்ளைக்கு மேல் பச்சையும், மற்ற மீன்பிடிப் படகு வெள்ளைக்கு மேல் சிவப்பும் காட்ட வேண்டும். நடைமுறையில் கையில் கிடைத்த எல்இடி. ரேடாரில் அலையால் வரும் புள்ளிகளை அழிக்க 'சீ கிளட்டர்' குமிழை அதிகம் திருகினால் அலையோடு சேர்ந்து படகும் திரையிலிருந்து போய்விடும். திரை சுத்தமாக இருக்கிறது என்று புது ஆள் சந்தோஷப்படுவார். கண்ணாலும் காதாலும் பார்க்க வேண்டும் என்று மோதல் தடுப்பு விதி ஐந்து சொல்வது இதற்குத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலமாயிற்றே, கடல் காலியாக இருக்குமே என்று நினைப்பதும் தவறு. தடை விசைப்படகுகளுக்குத்தான், சின்னப் படகுகள் வழக்கம்போலப் போகும்.

தூக்கத்துக்கு வருவோம், பலர் தோற்பது இங்கேதான். சர்வதேச விதி: எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் 77. அந்தப் பத்தை இரண்டுக்கு மேல் துண்டாக்கக் கூடாது, ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். காலை 4:30 முதல் 6:30 வரை துறைமுகம் நுழையும்போது முன்பக்கம் கயிறு கட்ட. 8 முதல் 12 வரை படகுச் சோதனை. மாலை 3:30 முதல் 6 வரை ஒத்திகை, கிளம்புதல். இரவு 8 முதல் 12 வரை வாட்ச். மொத்தம் 12½ மணி நேர வேலை, 11½ மணி நேர ஓய்வு. பத்துக்கு மேல் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஓய்வு ஒன்றரை, மூன்றரை, இரண்டு, நாலரை என்று நாலு துண்டு. ஆறு மணி நேரம் எதுவுமில்லை. விதி மீறல். காலைக் கயிறு வேலையை வேறு ஆளிடம் மாற்றினால் நள்ளிரவு முதல் காலை எட்டு வரை ஒரே துண்டாகக் கிடைத்துவிடும். இதைச் செய்யாமல் ஓய்வுப் பதிவேட்டில் ஏதோ ஒன்றைக் கிறுக்கிக் கையெழுத்துப் போடுகிற கேடட்டுகள் அதிகம். நாளைக்கு ஏதாவது விபத்து நடந்தால் முதலில் எடுக்கப்படும் தாள் அதுதான், அதில் இருப்பது அவர்கள் கையெழுத்து.

குடி பற்றி: விதிப்படி ரத்தத்தில் 0.05 சதவீதம் எல்லை. நிறுவனங்கள் அதைவிடக் கடுமையாக வைத்திருக்கும். பயணிகளோடு பழகுவதிலும் எல்லை உண்டு. இரண்டிலும் தவறினால் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிடுவார்கள்.

க்ரூஸில் கிடைக்காதது ஒன்று இருக்கிறது: சரக்கு. நிலக்கரி, தானியம், கன்டெய்னர் லாஷிங், எண்ணெய்த் தொட்டி, வாயு அளவி எதுவும் கண்ணில் படாது. ஆனால் செகண்ட் மேட் வாய்மொழித் தேர்வில் கேட்பவர் நீங்கள் எந்தக் கப்பலிலிருந்து வந்தீர்கள் என்று பார்த்துக் கேள்வியைக் குறைக்க மாட்டார். தானியம் ஏற்றும்போது ஏன் சமன்படுத்த வேண்டும், டேங்கரில் இனர்ட் கேஸ் எதற்கு என்று கேட்பார். பயிற்சிப் பதிவேட்டிலும் சரக்குப் பகுதி காலியாக நிற்கும். சேரும் முன்பே நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி சம்பளம் இல்லை: பயிற்சிக் காலத்தில் சில மாதமாவது சரக்குக் கப்பலுக்கு அனுப்புவீர்களா? இல்லை என்றால் விடுமுறையில் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் வேலை செய்யும் சீனியர்களிடம் உட்கார்ந்து கேட்டாவது அந்தப் பக்கங்களைப் படித்துக்கொள்ள வேண்டும்.

பதிவேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்தை அன்றன்றே வாங்குவது நல்லது. க்ரூஸில் அதிகாரிகள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். சொல்லிக்கொடுத்தவர் இறங்கிப் போனபின் புதிதாக வந்தவர் தான் பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போட மாட்டார். இறங்கும்போது கேப்டன் தரும் கடல் காலச் சான்றில் ஏறிய தேதி, இறங்கிய தேதி, பிரிட்ஜ் வாட்ச் மாதங்கள் எல்லாம் சிடிசி என்ற கடல் ஊழியர் அடையாளப் புத்தகத்தில் உள்ள முத்திரையோடு நாள் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒரு நாள் வித்தியாசம் இருந்தாலும் ராஜாஜி சாலை ஆங்கர் கேட் கட்டடத்தில் உள்ள கடல் வணிகத் துறை அலுவலகத்தில் விண்ணப்பம் திரும்பி வரும். திருத்தச் சொல்லிக் கப்பலுக்கு மெயில் அனுப்பினால், அந்தக் கேப்டன் அப்போது வேறொரு கப்பலில் இருப்பார்.